சிங்கத்தலையைக் கழற்றிவிட்டால் என்ன மிஞ்சும்?

2023 ஜனவரி 23. பாரிஸ் நகரின் பெத்தி பாலே அரண்மனைக்கு வந்து சேர்ந்தார் கைலி ஜென்னர். உடம்பை ஒட்டிய கறுப்பு வெல்வெட் கவுன். அதன் மேல், தோளுக்கும் மார்புக்கும் நடுவே, பிடரி மயிரோடு ஆளுயரச் சிங்கத்துக்கு உரிய அளவில் ஒரு தலை! உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஷோ தொடங்கியது. மாடல் இரினா ஷாய்க் அதே சிங்கத்தலையோடு ராம்ப்பில் நடந்து வந்தார்.

அதே அரங்கில் பாடகி டோஜா கேட், தலை முதல் உடம்பு முழுக்கச் சிவப்புச் சாயம் பூசி, 30,000 ஸ்வரோவ்ஸ்கி கற்களை ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒப்பனைக் கலைஞர் பாட் மெக்ராத்தின் குழு அதை முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனதாம்.

அன்று இரவுக்குள் உலகத்தின் பாதி செல்போன்களில் சிங்கம் கர்ஜித்தது. ‘வேட்டையாடிய மிருகத்தின் தலையைச் சுவரில் மாட்டிவைக்கும் கொடுமைக்கு இது விளம்பரம்’ என்று ஒரு கூட்டம் கொதித்தது. ‘இது நிஜத் தலை இல்லையே, செயற்கைதானே! எவ்வளவு நேர்த்தி’ என்று இன்னொரு கூட்டம் கொண்டாடியது. விலங்குகள் நல அமைப்பான பீட்டாவின் தலைவரே பாராட்டும் பக்கம்தான் நின்றார்.

இந்தச் சத்தத்தில் இரண்டு எளிய கேள்விகள் காணாமல் போயின. இது உண்மையிலேயே புதுசா? இது உண்மையிலேயே நல்ல வேலையா?

கையால் தைத்தால்தான் அந்தப் பெயர்

அந்த உடைகளைக் கொண்டுவந்தது ஸ்கியாபரெல்லி என்ற பழைய பாரிஸ் நிறுவனம். 2019 முதல் அதன் தலைமை வடிவமைப்பாளர் டேனியல் ரோஸ்பெரி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்காரர். அன்று நடந்தது சாதாரண ஃபேஷன் ஷோ அல்ல. அது ‘ஓத் கூத்யூர்’ வாரம்.

ஓத் கூத்யூர் என்றால் பிரெஞ்சில் உயர்ந்த தையல் என்று பொருள். அந்தப் பெயரை விளம்பரத்தில் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. 1945 முதல் பிரான்ஸில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பாரிஸில் சொந்தத் தையல் பட்டறை வேண்டும். வாடிக்கையாளரின் உடம்புக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும். ஜனவரியிலும் ஜூலையிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை புதிய உடைகளை அரங்கேற்ற வேண்டும்.

ஆகவே, ‘யார் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவார்கள்?’ என்ற வழக்கமான கிண்டல் இங்கே செல்லாது. பஸ்ஸில் போவதற்காக இவை தைக்கப்படுவதில்லை. கை எவ்வளவு தூரம் போகும், கற்பனை எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுவதுதான் இவற்றின் வேலை. அந்தக் கணக்கில்தான் இவற்றை மதிப்பிட வேண்டும்.

மூன்று மிருகங்கள் வந்த கதை

இத்தாலியக் கவிஞர் தாந்தே, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நரகப் பயணத்தைக் காவியமாக எழுதினார். அதன் முதல் காண்டத்திலேயே, இருண்ட காட்டில் வழி தவறி நிற்பவனை ஒரு சிறுத்தை, ஒரு சிங்கம், ஒரு பெண் ஓநாய் மறிக்கின்றன. காமம், ஆணவம், பேராசை என்று இந்த மூன்றுக்கும் காலங்காலமாகப் பொருள் சொல்லப்படுகிறது.

அதைத்தான் ரோஸ்பெரி கையில் எடுத்தார். ஷாலோம் ஹார்லோவின் மார்பில் பனிச்சிறுத்தை. இரினாவுக்குச் சிங்கம். கறுப்பு ரோமக் கோட்டின் தோளில் ஓநாய்த்தலையோடு வந்தவர் நவோமி கேம்ப்பெல்.

எந்தத் தலையும் உயிருள்ள மிருகத்தினுடையது இல்லை. ஃபோமைக் கையால் செதுக்கி உருவம் கொண்டுவந்தார்கள். அதன் மேல் கம்பளியும் பட்டும் கலந்த செயற்கை ரோமத்தைப் பொருத்தினார்கள். பிறகு நிஜ மிருகம் போலவே தெரியும் வரை தூரிகையால் வண்ணம் தீட்டினார்கள். நாடகக் கம்பெனிக்கு முகமூடி செய்பவருக்கும், சிற்பிக்கும், தையல்காரருக்கும் ஒரே நேரத்தில் வேலை. பார்த்தவர்களில் பலர் நிஜத்தலை என்றே நம்பிச் சண்டை போட்டார்கள் என்றால், அந்தக் கைகளுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் எதற்கு?

கைவேலைக்கு முழு மதிப்பெண். அதில் தகராறு இல்லை.

புதுமைதான் இடிக்கிறது

இந்த ஷோவுக்கு முந்தைய நாள் வரை, அதே பாரிஸ் நகரில் ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. இந்த நிறுவனத்தைத் தொடங்கிய எல்சா ஸ்கியாபரெல்லியின் உடைகளை, அலங்காரக் கலை அருங்காட்சியகம் 2022 ஜூலை முதல் 2023 ஜனவரி 22 வரை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தது. பாட்டியின் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுப் பேரனின் வேலையைப் பார்க்க வருவது போன்ற வாய்ப்பு அது.

எல்சா 1890-ல் ரோம் நகரில் பிறந்தவர். தையல் முறையாகப் படித்ததில்லை. 1927-ல் அவர் பெயரை ஊரறியச் செய்தது ஒரு கறுப்பு ஸ்வெட்டர். அதன் கழுத்தில் வெள்ளை ‘போ’ கட்டியிருப்பது போலத் தெரியும். தொட்டுப் பார்த்தால் போ இருக்காது! பின்னலிலேயே வரைந்த மாயத் தோற்றம் அது.

அந்த ஸ்வெட்டருக்குப் பின்னால் ஒரு சுவையான கதை. தோழி ஒருத்தி போட்டிருந்த ஸ்வெட்டர், மற்றவை போல இழுபட்டுத் தொங்காமல் கெட்டியாக இருப்பதை எல்சா கவனித்தார். விசாரித்ததில், பாரிஸில் குடியேறியிருந்த ஓர் ஆர்மீனியப் பெண் பின்னியது என்று தெரிந்தது. தேடிப் போனார். கறுப்பு நூலுக்குப் பின்னால் வெள்ளை நூலையும் சேர்த்து ஓட்டி, சில கண்ணிகளுக்கு ஒருமுறை அதைப் பிடித்துக்கொள்வது அந்தப் பெண்ணின் முறை. அதனால்தான் துணி கெட்டியாக நின்றது. முன்பக்கம் லேசான வெண்புள்ளிகளும் தெரிந்தன. எல்சா போ வரைந்து கொடுத்தார். சில முறை முயன்ற பிறகு சரியான ஸ்வெட்டர் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு விருந்துக்குப் போன இடத்திலேயே ஆர்டர் கிடைத்தது என்று எல்சா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. போ என்ற யோசனை எல்சாவுடையது. ஆனால், அந்த ஆர்மீனியப் பின்னல் இல்லாவிட்டால் அது உருவாகியே இருக்காது. யோசனையையும் கைவேலையையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது.

1938-ல் ஓவியர் சால்வதோர் டாலியோடு சேர்ந்து எல்சா செய்த ‘எலும்புக்கூடு’ கவுனும் அப்படித்தான். கறுப்புப் பட்டுத் துணியில் விலா எலும்புகளும் முதுகெலும்பும் புடைத்துத் தெரியும். ஓர் எலும்பு கூட மேலே ஒட்டப்பட்டதல்ல. இரண்டு அடுக்குத் துணியைச் சேர்த்து எலும்பின் விளிம்பைத் தைத்து, நடுவில் பஞ்சைத் திணித்திருக்கிறார்கள். நம் வீட்டு மெத்தைக்குத் தையல் போடும் அதே அறிவு! உடம்புக்குள் இருப்பதை உடைக்கு மேலே கொண்டுவந்த துணிச்சல். இன்றைக்கு லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்த கவுன்.

ஒரு சின்னச் சோதனை

இங்கேதான் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உடையில் எல்லோர் கண்ணையும் இழுக்கும் பொருளை மனசுக்குள் கழற்றிவிட வேண்டும். மிச்சம் என்ன?

எலும்புக்கூடு கவுனிலிருந்து எலும்பைக் கழற்ற முடியாது. கழற்றினால் துணியே கிழியும். 1927 ஸ்வெட்டரிலிருந்து போவை அவிழ்த்தால் ஸ்வெட்டரே பிரிந்துவிடும். கைலியின் கவுனிலிருந்து சிங்கத்தலையைக் கழற்றினால்? அழகாகத் தைத்த ஒரு கறுப்பு வெல்வெட் கவுன் மிஞ்சும். நல்ல கவுன்தான். ஆனால், அதில் தாந்தேயும் இல்லை, ஆணவமும் இல்லை. சிங்கம் அந்த உடைக்குள் பிறக்கவில்லை. மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிறுத்தையும் ஓநாயும் கொஞ்சம் தேவலாம். அங்கே ரோமமே உடையாக இருப்பதால், தலையும் உடம்பும் ஓரளவு ஒட்டிப் போகின்றன.

ஆணவத்துக்குச் சிங்கம் என்று தாந்தே எழுதியதை, சிங்கத்தையே தூக்கி வைத்துச் சொல்வது கவிதைக்குப் படம் போடும் வேலை. ஆணவம் ஒரு துணியில் எப்படி மடியும், தோளில் எப்படி நிமிரும் என்று யோசித்திருந்தால் கதை வேறு.

‘மிருகத்தைத் துணியில் செய்வதே புதுசுதானே’ என்று கேட்கலாம். அதற்கும் முன்கதை உண்டு. 1997-ல் ஜான் பால் கோத்தியே தன் ஓத் கூத்யூர் தொகுப்பில் ஒரு சிறுத்தைத்தோல் கவுன் காட்டினார். தூரத்தில் பார்த்தால் தோலை உரித்து அப்படியே போர்த்தியது போல இருக்கும். கிட்டே போனால் தோலே இல்லை. எல்லாம் மணிகள். ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைக்க 1,060 மணி நேரம் ஆனது. அங்கே மணிகளைக் கழற்றினால் சிறுத்தையும் போய்விடும், கவுனும் போய்விடும். 26 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அந்த எல்லையைத் தொட்டுவிட்டார்.

எல்சா மட்டும் சும்மா இருந்தாரா?

ரோஸ்பெரி தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. எல்சாவும் பரபரப்பு பண்ணியவர்தான். 1937-ல் குதிகால் செருப்பைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு தொப்பி செய்தார். அதே ஆண்டு, வெள்ளை கவுனில் டாலி வரைந்த பெரிய சிவப்பு நண்டு ஒன்றை அச்சடித்தார். அதாவது கடலில் வாழும் லாப்ஸ்டர், நம் ஊர் சிங்கிறால். பிரிட்டன் மன்னர் யாருக்காக முடி துறந்தாரோ, அந்த வாலிஸ் சிம்சன் அதை அணிந்து ‘வோக்’ பத்திரிகைக்குப் போஸ் கொடுத்தார். அன்றைய கணக்கில் அது சூப்பர் வைரல்.

நேர்மையாகச் சொன்னால், கழற்றிப் பார்க்கும் சோதனையில் அந்தச் சிங்கிறால் கவுனும் தேறாது. அச்சை எடுத்துவிட்டால் வெறும் வெள்ளை கவுன். ஊரே பேசியது சிங்கிறாலைப் பற்றி. தையல் நுட்பத்தில் அதை மிஞ்சியது எலும்புக்கூடு. ஒரே கையிலிருந்து இரண்டும் வந்தன.

வியாபாரக் காரணமும் உண்டு. எல்சா 1954-ல் கடையை மூடினார். அரை நூற்றாண்டுக்கும் மேல் உறங்கிய பெயரைப் பிறகு ஓர் இத்தாலியத் தொழிலதிபர் வாங்கிப் புதுப்பித்தார். அவ்வளவு காலம் மறந்திருந்த பெயரை உலகம் மறுபடி உச்சரிக்க வேண்டும். ஓத் கூத்யூர் உடையை விலை கொடுத்து வாங்குபவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர்தான். மற்றவர்கள் வாங்குவது அதே பெயர் பொறித்த கைப்பையும் காதணியும். அவர்கள் கண்ணில் படுவது நான்கு அங்குலத் திரையில். அந்தத் திரையில் பஞ்சு திணித்த நுண்ணிய தையல் தெரியாது. சிங்கம் தெரியும்.

2021 ஜனவரியில் அமெரிக்க அதிபர் பைடன் பதவியேற்ற விழாவில் பாடிய லேடி காகாவின் மார்பில் பெரிய தங்கப் புறா ஒன்று இருந்ததே, அதுவும் ரோஸ்பெரியின் வேலைதான். அந்தப் புறாவைப் பார்த்தவர்களுக்கு, தூரத்திலிருந்து தெரிய வேண்டியது எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும் என்பது புரியும்.

யாரும் பார்க்காத உடைகள்

வருத்தம் என்னவென்றால், அதே ஷோவில் சோதனையில் தேறும் உடைகளும் வந்தன. அவற்றைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

ஓர் உடை முழுக்கச் சமிக்கி பதித்தது போல மின்னியது. கிட்டே பார்த்தால் வழக்கமான பிளாஸ்டிக் சமிக்கியே இல்லை. தகரத் துண்டுகளுக்குத் தோல் போர்த்திச் செய்தவை. கனம் வேறு, விழும் விதம் வேறு, ஒளி படும் விதம் வேறு.

இன்னொன்று வெல்வெட் கவுன். பட்டாம்பூச்சியின் இறகைப் போல, பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும்படி கையால் சாயம் தீட்டியிருந்தார்கள். அணிந்தவர் ஓர் அடி எடுத்து வைத்தால் உடையின் நிறமே நகர்கிறது. இதைப் புகைப்படத்தில் பிடிக்கவே முடியாது. அதனாலேயே அது வைரல் ஆகவில்லை.

மூன்றாவது, மார்புக்கவசம் போன்ற மேலாடை. முத்துச்சிப்பியின் பளபளக்கும் உள்ஓட்டையும் மரத்தையும் சிறு சிறு துண்டுகளாக வெட்டி இழைத்துப் பதித்திருந்தார்கள். மைசூரில் மரப்பலகையில் யானையும் மயிலும் பதிக்கிறார்களே, அந்த வகை வேலை. மரச்சாமான் செய்பவரின் கலையை, வளைவும் அசைவும் உள்ள மனித உடம்பின் மேல் கொண்டுவருவது சாமானியம் இல்லை.

‘கண் பார்ப்பது ஒன்று, கை தொடுவது வேறு’ என்பதுதான் எல்சா 1927-ல் ஸ்வெட்டரில் தொடங்கிய விளையாட்டு. அதை ரோஸ்பெரி நிஜமாகவே முன்னெடுத்துப் போன இடங்கள் இவை. சிங்கத்தில் அவர் எல்சாவின் சத்தத்தைப் பிடித்தார். தகரச் சமிக்கியில் எல்சாவின் மூளையைப் பிடித்தார்.

பாரிஸிலிருந்து சென்னைக்கு ஒரு நூல்

1930-களில் எல்சாவின் புகழ்பெற்ற எம்பிராய்டரிகளைச் செய்து கொடுத்தது அல்பேர் லெசாஜின் பட்டறை. கவிஞர் ழான் காக்தோ வரைந்து கொடுத்த கோட்டோவியத்தை, 1937-ல் எல்சாவின் கோட்டில் நூலாலும் ஜரிகையாலும் ஏற்றியது லெசாஜ் கைகள்தான். அவர் மகன் பிரான்சுவா லெசாஜ், பாரிஸ் எம்பிராய்டரியின் பெரிய பெயர். பேரன் ழான் பிரான்சுவா லெசாஜ் 1990-களில் நம் சென்னைக்கே வந்துவிட்டார். இங்குள்ள கைவினைஞர்களை வைத்து எம்பிராய்டரி பட்டறை நடத்தி, மாளிகைகளுக்கான திரைச்சீலை, சுவர்த்துணி என்று உலகத்துக்கு அனுப்பினார்.

அவர் இங்கே வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஃப்ரேமில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி முனை ஊசியால் சங்கிலித் தையல் போடும் வேலை, கீழை நாடுகளிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. பிரான்ஸின் லூனேவில் நகரத்தார் அதில் மணியும் சமிக்கியும் சேர்த்துத் தமக்கென ஒரு முறையை உண்டாக்கினார்கள். அங்கே மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்துக்கொண்டு, துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி தைப்பார்கள். நம் ஆரி வேலையில் பொதுவாக முன்பக்கம் மேலே இருக்கும், மணியை ஊசி முனையில் எடுத்துக் கோப்பார்கள். ஊசி ஒரே குடும்பம்தான். கல்யாணப் பிளவுஸுக்கு ஆரி போடும் நம் தெருப் பெண்ணும், பாரிஸ் பட்டறைப் பெண்ணும் ஒருவர் ஃப்ரேமில் இன்னொருவர் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் கை பழகிவிடும்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. இருவர் பெயரும் வெளியே வராது. 1927-ல் எல்சா உலகப் புகழ் பெற்றார். பின்னிக் கொடுத்தவரை ‘ஆர்மீனியப் பெண்’ என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். 2023-ல் கைலி பெயர் தெரியும், இரினா பெயர் தெரியும், ரோஸ்பெரி பெயர் தெரியும். அந்தச் சிங்கத்தின் பிடரி மயிரை வைத்தவர் யார்? வண்ணம் தீட்டியவர் யார்? கோடிக்கணக்கான பேர் பகிர்ந்த அந்தப் படங்களில் அவர்கள் பெயர் இல்லை.

தீர்ப்பு என்ன?

கைவேலையில் அந்தத் தொகுப்பு ஏமாற்றவில்லை. சிங்கம் உட்பட எல்லாமே முதல் தரம். புதுமையில் பாதிக் கிணறுதான். எவை ஊரைக் கூட்டினவோ அவற்றில் புதுமை குறைவு. எவை அமைதியாக நடந்து போயினவோ அவற்றில்தான் அதிகம்.

அடுத்த ஜனவரியிலோ ஜூலையிலோ பாரிஸிலிருந்து இன்னொரு படம் செல்போனுக்கு வந்து சேரும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். ஜவுளிக்கடையில் நம் வீட்டுப் பெரியவர்கள் புடவையை வாங்கும் முன் முந்தானையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்களே, அதே கண்ணோடு படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கண்ணை இழுக்கும் பொருள் துணியோடு சேர்ந்து பிறந்திருக்கிறதா, மேலே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடலாம். பிறகு அதே ஷோவின் மற்ற படங்களையும் ஒருமுறை தள்ளிப் பார்க்கலாம். யாரும் பகிராத பத்தாவது படத்தில் ஒரு தகரச் சமிக்கி காத்திருக்கக்கூடும்.